பத்து நிறுத்தம், பத்துப் படம்: பென்சிலுக்கு எந்த வண்டி நல்லது?

என் அக்கா மகளுக்கு நுங்கம்பாக்கத்தில் வேலை கிடைத்திருக்கிறது. வீடு குரோம்பேட்டை. சிறு வயதில் வீட்டுச் சுவரையெல்லாம் கிறுக்கி வைத்தவள், கல்லூரிக்குப் போனதும் அதை விட்டுவிட்டாள். இனி தினமும் போக வர ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணத்தில் கழியும், அந்த நேரத்தில் மறுபடியும் வரையலாமே என்று ஆசைப்படுகிறாள். "சித்தி, மின்சார ரயிலா, மெட்ரோவா, பஸ்ஸா? என்ன பென்சில் வாங்கட்டும்? ஆட்களைப் பார்த்து வரைவதா, போனில் படம் எடுத்துக்கொண்டு வந்து வீட்டில் வரைவதா?" என்று ஒரே மூச்சில் கேட்டாள். நான் இருபத்திரண்டு வருடம் சென்னையின் தாம்பரம் - கடற்கரை மின்சார ரயிலில் பெண்கள் பெட்டியில் போய்வந்து, அலமாரி கொள்ளாத அளவுக்குச் சின்ன நோட்டுகளை நிரப்பியவள். அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

மூன்று கேள்விக்கும் என்னிடம் அளவுகோல் ஒன்றுதான். விரைவாக வரைவது என்றதும் எல்லோரும் கையின் வேகத்தை நினைக்கிறார்கள். நம் கை எவ்வளவு விரைவாக ஓடினாலும் எதிரில் இருப்பவர் அதைவிட விரைவாகத் தலையைத் திருப்பிவிடுவார். அந்தப் பந்தயத்தில் நாம் ஜெயிக்கவே முடியாது. திருப்பிய தலை பழைய இடத்துக்கு வருமா, இன்று பார்த்த ஆள் நாளைக்கு வருவாரா, விட்ட கோட்டை மறுபடி பிடிக்க வழி உண்டா என்று பார்த்துத்தான் வண்டியையும் பென்சிலையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் மெட்ரோ. 2015இல் கோயம்பேடு - ஆலந்தூர் பாதை திறந்தபோது, இது வரைபவர்களுக்காகவே கட்டிய வண்டி என்றுதான் நினைத்தேன். பெட்டியின் நீளத்துக்கு எதிரெதிராக இருக்கைகள். எதிரே ஏழெட்டுப் பேர் வரிசையாக, பள்ளிக்கூடத்துக் குழுப்படம் போல உட்கார்ந்திருப்பார்கள். ஆட்டம் குறைவு. குளிர்சாதனம் இருப்பதால் உள்ளங்கை வியர்த்துத் தாள் நனையாது. வெளிச்சமும் சீராக இருக்கும். இத்தனை வசதி இருந்தும் அதில் வரைந்த நோட்டுகளைப் புரட்டினால் எனக்கே அலுப்புத் தட்டுகிறது. குனிந்த தலை, வளைந்த கழுத்து, போனில் ஓடும் கட்டைவிரல். அடுத்த பக்கத்திலும் குனிந்த தலை, வளைந்த கழுத்து. புதிதாகத் தொடங்குபவருக்கு இது ஒரு வகையில் நல்லது, சம்பளம் வாங்காத மாடல் அசையாமல் இருபது நிமிடம் இருப்பது வேறு எங்கும் கிடைக்காது. ஆனால் சில நிமிடங்களுக்கு ஒரு வண்டி வருவதால் யாரும் 'என் வண்டி' என்று ஒன்றுக்காகக் காத்திருப்பதில்லை. இன்று பார்த்த முகத்தை மறுநாள் பார்ப்பது அதிர்ஷ்டம்தான். போதாக்குறைக்கு, குரோம்பேட்டைப் பெண் மெட்ரோ பிடிக்க விமான நிலையம் வரை பஸ்ஸில் போய், ஆயிரம் விளக்கில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோ பிடிக்க வேண்டும். கைக்குக் கிடைத்த நேரம் மூன்று துண்டாகிவிடும்.

வரைபவர்கள் பஸ்ஸை ஏளனமாகப் பேசுவார்கள். குரோம்பேட்டை வழியாகப் போகும் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையில் ஓடும் பஸ்ஸில் ஒரு நேர்க்கோடு போட்டுவிட்டால் அவருக்குச் சிலையே வைக்கலாம், அது உண்மைதான். ஆனால் பஸ்ஸில் ஒரு சலுகை இருக்கிறது: எல்லோருடைய முதுகும் நம் பக்கம். முகச்சாயல் வரவேண்டும் என்ற பயமே இல்லை. பின்னல், கொண்டை, அதில் சாய்ந்து செருகிய கனகாம்பரம், சட்டைக் காலருக்கு மேலே புதிதாக மழித்த பிடரி, காதுக்குப் பின்னால் மாட்டிய மூக்குக்கண்ணாடிக் கொக்கி. ஆளுக்கு ஆள் காது எவ்வளவு மாறுபடும் என்பதை நான் பஸ்ஸில்தான் கற்றேன். யாரை வரைகிறோம் என்று அவருக்கே தெரியாது என்பதால் சங்கடமும் இல்லை. பிறகு நடத்துநர். பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களை நீளவாக்கில் மடித்து விரல் இடுக்குகளில் செருகியிருக்கும் அந்த இடது கையைப் போலக் கோட்டுக்கு ஏற்ற கை வேறு இல்லை. கம்பியில் இடுப்பைச் சாய்த்து நின்று அவர் சில்லறை எண்ணும் நிலை ஒவ்வொரு நிறுத்தத்துக்குப் பிறகும் திரும்ப வரும். பஸ்ஸில் எனக்கு வாய்த்த நல்ல படங்கள் எல்லாம் சிக்னலில் வண்டி நின்றபோதோ, நடத்துநரை வைத்தோ வந்தவை. தினசரிப் பழக்கத்துக்கு இது போதாது. ஆனால் மழை நாளில் ரயில் தாமதமானால் பஸ்ஸில் ஏறி ஒரு பக்கம் காதுகளை வரைந்து வரலாம்.

வண்டியில் ஏறாமல் நடைமேடையில் வரைவது இன்னொரு வழி. 1850இல் தொடங்கிய சென்னை ஓவியக் கல்லூரி எழும்பூர் நிலையத்துக்கும் பார்க் நிலையத்துக்கும் இடையில்தான் இருக்கிறது. அதன் மாணவர்கள் அட்டைப் பலகையை மடியில் வைத்து, மூட்டை மேல் தலைவைத்துத் தூங்குபவர்களை வரைவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கைக்குத் துணிவு வரும்வரை ஒரு வாரம் அப்படிச் செய்யலாம். அதற்கு மேல் அதில் நின்றுவிட்டால், அலுவலகத்துக்குத் தாமதமாகும் என்பதைத் தவிர எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

இனி மின்சார ரயில். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931லிருந்து மின்சார வண்டி ஓடுகிறது. முன்பு மீட்டர் பாதை, 2004 முதல் முழுக்க அகலப் பாதை. இத்தனை ஆண்டுகளில் அந்தப் பாதையில் ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. எட்டே காலுக்கு வருவது ஒருத்தியின் வண்டி, எட்டரைக்கு வருவது இன்னொருத்தியின் வண்டி. பெட்டியும் அவரவருக்குப் படிந்தது, உட்காரும் மூலையும் படிந்தது. திங்கட்கிழமை மூக்கு மட்டும் வரைந்து விட்டவரின் நெற்றியைச் செவ்வாய்க்கிழமை வரையலாம். நோட்டில் எனக்கு அப்படி ஆறு நாளில் முடிந்த முகங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு நாளும் வேறு புடவை என்பதால் தோளுக்குக் கீழே குழப்பமாக இருக்கும், அவ்வளவுதான்.

பெண்கள் பெட்டியில் இதற்கு மேலும் ஒன்று உண்டு. அங்கே யாரும் சும்மா உட்கார்ந்து வருவதில்லை. மாலையில் கீரை ஆய்வார்கள், அவரைக்காய்க்கு நார் உரிப்பார்கள், காலையில் பூக் கட்டுவார்கள். பூக் கட்டும் கையைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், என் வாதமே அந்தக் கையில்தான் இருக்கிறது. இடது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நாரைப் பிடித்திருக்கும். இரண்டு மொட்டு இந்தப் பக்கம் பார்க்க, இரண்டு மொட்டு அந்தப் பக்கம் பார்க்க வைத்ததும், வலது கை நாரை ஒரு சுற்றுச் சுற்றி, முடிச்சில் நுழைத்து, சுண்டி இழுக்கும். மூன்று நான்கு விநாடிதான். அதைத் துரத்திக்கொண்டு வரையத் தொடங்கினால் ஆறு விரலோடு ஒரு நண்டுதான் தாளில் வரும். எனக்கு அப்படிப் பல நண்டுகள் வந்திருக்கின்றன. பிறகுதான் துரத்தாமல் காத்திருக்கப் பழகினேன். நார் இழுபடும் அந்த ஒரு கணத்தை மட்டும் தேர்ந்துகொள்வேன். முதல் முறை அது வரும்போது இரண்டு கையும் சேர்ந்து செய்யும் முக்கோணத்தை மட்டும் போடுவேன். அடுத்த முடிச்சில் மணிக்கட்டின் மடிப்பு. அதற்கடுத்ததில் கட்டைவிரல் நகம். நடுவில் அவர் கை வேறு எங்கோ போயிருக்கும்; என் பென்சில் தாளில் அசையாமல் நிற்கும். ஒரு முழம் பூ முடிவதற்குள் ஒரு முழுக் கை கிடைத்துவிடும். இதை மெட்ரோவில் கற்றுக்கொள்ள முடியாது, அங்கே கை திரும்பி வருவதில்லை. ஒரே இடத்தில் நின்றுவிடுகிறது.

மின்சார ரயிலுக்கு எதிராகச் சொல்லவும் நிறைய இருக்கிறது. காலை எட்டரைக்கு மேல் குரோம்பேட்டையில் ஏறினால் உட்கார இடம் கிடைக்காது, நோட்டை விரிப்பதற்குக் கூட முழங்கையை அசைக்க முடியாது. கிண்டியில் இறங்கும் கூட்டமும் மாம்பலத்தில் ஏறும் கூட்டமும் சேர்ந்து ஆளையே திருப்பி நிறுத்திவிடும். அக்கா மகளுக்கு நான் சொன்ன உபாயம் பழையதுதான்: கால் மணி நேரம் முன்னதாகக் கிளம்பி, எதிர்த்திசை வண்டியில் இரண்டு நிறுத்தம் பின்னோக்கித் தாம்பரம் போய், அங்கே புறப்படும் வண்டியில் இடம் பிடிப்பது. சீசன் டிக்கெட்டைத் தாம்பரத்திலிருந்தே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் டிக்கெட் பரிசோதகருக்கு ஓவியக் கலையைப் பற்றி விளக்க நேரிடும். உட்காரும்போது கிழக்குப் பக்க ஜன்னலோரம் உட்கார வேண்டும். வண்டி வடக்கு நோக்கிப் போவதால் காலை வெயில் வலது பக்கத்திலிருந்து வந்து மேற்கு ஓரத்தில் இருப்பவர்கள் முகத்தில் விழும். மாறி உட்கார்ந்தால் எல்லோரும் வெயிலுக்கு முன் கரிய நிழலாகத்தான் தெரிவார்கள். கிண்டிக்கும் சைதாப்பேட்டைக்கும் நடுவே அடையாற்றுப் பாலத்தில் வண்டி ஏறியதும் இரண்டு பக்கமும் கட்டடம் விலகி வெளிச்சம் பெட்டிக்குள் கொட்டும். அந்த நேரத்துக்கு ஒரு முகத்தை முன்னதாகவே குறித்து வைத்துக்கொள்வது என் வழக்கம்.

ஆட்டத்துக்கு வைத்தியம் எளிது. நோட்டு மடியில் இருக்கும் பை மேல் இருக்கட்டும், சுண்டு விரல் தாளை விட்டு எழும்ப வேண்டாம். நாம், பை, நோட்டு, கை எல்லாம் ஒன்றாக ஆடினால் கோடு ஆடாது. இரண்டு நிறுத்தத்துக்கு நடுவே இரண்டு மூன்று நிமிடம் கிடைக்கும். நிலையத்தில் வண்டி நிற்பது அரை நிமிடம். ஓடும்போது உருவத்தின் கனத்தையும் நிழலையும் போட்டுவிட்டு, கண், விரல், காதணி போன்ற நுணுக்கங்களை நிற்கும் அரை நிமிடத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும். குரோம்பேட்டையிலிருந்து நுங்கம்பாக்கம் வரை பத்து இடைவெளி. இடைவெளிக்கு ஒரு கட்டம் என்று பக்கத்தை முன்கூட்டியே பத்தாகப் பிரித்துக்கொண்டால், இது சரியாக வரவில்லையே என்று ஒன்றையே தேய்த்துக்கொண்டிருக்கும் ஆபத்து இல்லை. அடுத்த நிலையம் வந்ததும் அடுத்த கட்டம்.

பென்சிலுக்கு வருகிறேன். 1795இல் நிக்கோலா-ஜாக் கோன்தே என்ற பிரெஞ்சுக்காரர் கிராஃபைட் தூளைக் களிமண்ணோடு கலந்து சுட்டெடுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். களிமண் கூடினால் கடினம், கிராஃபைட் கூடினால் மென்மையும் கருமையும். இன்று கடையில் கேட்கும் எச்பி, 2பி, 6பி எல்லாம் அந்தக் கலவையின் விகிதம்தான். எச்பி பரீட்சைக்கு ஏற்றது. ஆடும் வண்டியில் அதைக் கருமையாக்க அழுத்த வேண்டும், அழுத்தினால் தாள் குழிகிறது, மறுபக்கத்தில் பிரெய்ல் எழுத்துப் போல மேடு தெரிகிறது. 6பி அழகாகத்தான் இருக்கும், நுங்கம்பாக்கம் போவதற்குள் படம், விரல், கைக்குட்டை, மூக்கு நுனி எல்லாம் அழகாகிவிடும். என் ஓட்டு 2பி மரப் பென்சிலுக்கு. அப்சரா, கேம்லின் என்று எது கிடைத்தாலும் சரி. நுனியால் போட்டால் கோடு, பக்கவாட்டில் சாய்த்து ஒரு இழுப்பு இழுத்தால் ஒரு முழுக் கூந்தல். முக்கியமாக, நேற்றுப் பாதியில் விட்ட மெல்லிய கோட்டின் மேல் இன்றைக்கு அழுத்திப் போடலாம். பழைய கோடு உறுத்தாமல் நிழலாகிவிடும். திரும்பி வரும் ஆளுக்குத் திரும்பிப் போடக்கூடிய கோடு.

பின்பக்கத்தை அழுத்தினால் முனை வெளியே வரும் 0.5 மி.மீ. மெக்கானிக்கல் பென்சிலுக்குச் சீவும் வேலை இல்லை. ஆனால் தண்டவாளம் மாறும் இடத்தில் வண்டி ஒரு உலுக்கு உலுக்கினால் முனை உடைந்து பக்கத்து இருக்கைக்காரரின் மடியில் விழும். அந்த வகைதான் வேண்டும் என்றால் 2 மி.மீ. தடிமனுள்ள கிராஃபைட் குச்சி போடும் கிளட்ச் பென்சில் வாங்கலாம். அது தாக்குப்பிடிக்கும், விலை மட்டும் பல மடங்கு. பால் பாயிண்ட் பேனாவை நான் ஒதுக்க மாட்டேன். நீல மூடி போட்ட ரெனால்ட்ஸ் பேனாவால் மட்டுமே முழு நோட்டு நிரப்பியிருக்கிறேன். கறைபடாது, சீவ வேண்டாம், மெல்ல வைத்தால் மெல்லிய கோடும் வரும். இருந்தாலும் இருட்டு போட அது ஆயிரம் கோடு கேட்கும், நம்மிடம் இருப்பது மூன்று நிமிடம். ஜெல் பேனா வேண்டாம். ஒரு குலுக்கலுக்கு ஒரு பொட்டு. பென்சில் உருப்படாத கூட்ட நாளுக்கு ஒரு பால் பாயிண்ட் பையில் கிடக்கட்டும். டேப்லெட்டில் வரைபவர்களும் இருக்கிறார்கள். ஜன்னல் வெயிலில் திரையைத் தேடுவதே வேலையாகிவிடும் என்பதற்கு மேல் அதில் எனக்கு அனுபவமில்லை.

இன்னொரு சின்ன விஷயம், எந்தக் கடையிலும் சொல்ல மாட்டார்கள். முழுநீளப் பென்சிலின் வால் முனை அருகில் இருப்பவரின் கன்னத்தைக் குத்தும். ஆகவே பென்சிலை இரண்டாக வெட்டிவிட வேண்டும். அரைப் பென்சில் மூன்று, வீட்டிலேயே சீவி, மூடி போட்டு எடுத்துப் போனால் வண்டியில் சீவும் வேலையே இல்லை. மெட்ரோவில் போகும் நாளென்றால் பையை எக்ஸ்ரேயில் பார்ப்பார்கள், பிளேடு வைத்திருக்கவே கூடாது. அழிப்பான் வேண்டவே வேண்டாம். அழிக்கும் நேரத்தில் அவர் இறங்கிவிடுவார்.

நோட்டுக்காக யாரும் கடை கடையாக அலைய வேண்டியதில்லை. பெரிய ஓவிய நோட்டை விரித்தால் பெட்டியே எட்டிப் பார்க்கும், கோடு போட்ட நோட்டில் படம் கம்பிக்குள் அடைபடும். நான் ஏ4 நகல் தாள் எட்டை எடுத்து, பாதியாக வெட்டி, பதினாறையும் ஒன்றாக மடித்து, நடுவே மூன்று துளை போட்டுத் தடித்த நூலால் தைத்துவிடுவேன். உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிதாக அறுபத்து நான்கு பக்கம். பழைய காலண்டர் அட்டை மேலுறை. வலது பக்கத்தில் மட்டும் வரைய வேண்டும். எதிர்ப் பக்கமும் வரைந்தால் இரண்டும் ஒன்றை ஒன்று தேய்த்துக் கருத்துவிடும். ஜன்னல் காற்றுக்கு ஒரு ரப்பர் பேண்ட்.

மூன்றாவது கேள்விதான் எனக்கு நெருக்கமானது: பார்த்து வரைவதா, படம் எடுத்து வரைவதா, நினைவிலிருந்து வரைவதா. 2007இல் கேப்ரியல் கம்பனாரியோ என்ற பத்திரிகைக்காரர் தொடங்கிய 'அர்பன் ஸ்கெட்சர்ஸ்' இயக்கம் இதில் கண்டிப்பாக இருக்கிறது. இடத்திலேயே, நேரில் கண்டதையே வரைய வேண்டும் என்பது அவர்களுடைய முதல் விதி. மறு பக்கத்தில் ஆங்கிலச் சிற்பி ஹென்றி மூர் இருக்கிறார். 1940இல் லண்டனில் குண்டு விழுந்தபோது மக்கள் சுரங்க ரயில் நிலையங்களில் படுத்து உறங்கினார்கள். நிலத்தடியில் வரிசையாகக் கிடந்த அந்த உருவங்களை மூர் நோட்டு நோட்டாக வரைந்தார், ஆனால் அங்கே உட்கார்ந்து வரையவில்லை. வீடிழந்து பலர் பார்க்கப் படுத்திருப்பவர்கள் முன் நோட்டை விரிப்பது தகாது என்று எண்ணி, ஒதுங்கி நின்று சிறு குறிப்பு மட்டும் எடுத்துக்கொண்டு, வீட்டுக்குப் போய் நினைவிலிருந்து வரைந்தார். அதே காலத்தில், 1938 முதல் 1941 வரை, நியூயார்க் சுரங்க ரயிலில் அமெரிக்கப் புகைப்படக்காரர் வாக்கர் எவன்ஸ் மேல்கோட்டுக்குள் கேமராவை மறைத்து, பொத்தான்களுக்கு நடுவே லென்ஸை நீட்டி எதிரில் இருந்தவர்களைப் படம் பிடித்தார். அவற்றைத் தொகுத்து நூலாக வெளியிட அவர் 1966 வரை காத்திருந்தார்.

இவர்களில் நான் மூரின் பக்கம் சற்றுச் சாய்ந்தவள். போனில் படம் எடுப்பது எனக்கு ஒப்பாது. முகம் தெரியாத பெண்ணின் பக்கம் போனை நீட்டினால் பெட்டியில் சண்டை வரும், வர வேண்டியதும்தான். அது ஒருபுறம் இருக்க, படத்தில் எல்லாம் இருக்கிறது. ஜன்னல் கம்பி, ஒட்டிய விளம்பரம், பின்னால் நிற்பவரின் பை, எல்லாம் சமமாக. எதை விடுவது என்று வீட்டில் உட்கார்ந்து திணறுவோம். வண்டியில் மூன்று நிமிடம் அந்த வேலையை நமக்காகச் செய்துவிடுகிறது. என் வழி இரண்டையும் கலந்தது: வண்டியில் கோடு, இறங்கியதும் நிலையத்து பெஞ்சில் ஐந்து நிமிடம் நினைவிலிருந்து நிழல். தினமும் பார்க்கும் ஆள் என்றால் நினைவு ஏமாற்றாது. ஏமாற்றினாலும் மறுநாள் சரிபார்க்கலாம். தாய்ப்பால் கொடுப்பவர், அழுபவர், உடல்நலமில்லாமல் சாய்ந்திருப்பவர் என்றால் நோட்டை மூடிவிட வேண்டும். அவர்களை நினைவிலிருந்தும் நான் வரைவதில்லை.

ஒரே வண்டி, ஒரே ஆட்கள் என்று இவ்வளவு பாராட்டிவிட்டேன். அதன் வினையையும் சொல்லிவிட வேண்டும். நாம் அவர்களை அடையாளம் கண்டுகொள்வது போல அவர்களும் நம்மைக் கண்டுகொள்வார்கள். பல்லாவரத்தில் ஏறும் ஒரு பூக்கார அம்மா ஒருநாள் கூடைக்கு மேலாக எட்டிப் பார்த்து, "எனக்கு மூக்கு இவ்வளவு பெரிதா?" என்று கேட்டார். நோட்டை மூடி மறைப்பதை விட நீட்டிக் காட்டிவிடுவதே நல்லது என்று எனக்கு அன்று தோன்றியது; காட்டினேன். பெட்டி முழுக்க நோட்டு ஒரு சுற்றுப் போய் வந்தது. மறுநாள் அவர் தலையை வாரிப் பவுடர் போட்டு, ஸ்டூடியோவில் உட்கார்வது போல விறைப்பாக எதிரில் உட்கார்ந்துகொண்டார். பூக் கட்டவும் இல்லை. அந்த வாரம் முழுவதும் எனக்கு உருப்படியாக ஒரு கோடு விழவில்லை. பத்து நாள் கழித்து அவருக்கு அலுத்துவிட்டது, கை பழையபடி நாருக்குப் போனது, நானும் பிழைத்தேன். மெட்ரோவில் இந்தத் தொல்லை வராது என்பதை அந்தப் பக்கத்துக்குச் சாதகமாக எழுதிக்கொள்ளலாம்.

அக்கா மகள் தாம்பரத்திலிருந்து சீசன் டிக்கெட் எடுத்துவிட்டாள். முதல் வாரத்துப் பக்கம் ஒன்றை எனக்கு அனுப்பியிருக்கிறாள். பத்துக் கட்டம். பல்லாவரத்தில் ஒரு காதும் ஜிமிக்கியும். மீனம்பாக்கம் காலி. பரங்கிமலையில் ஒரு நண்டு. கிண்டியில் பாதிக் கூடை. மாம்பலத்தில் கூட்டம் ஏறியபோது கோடு கட்டத்தைத் தாண்டி, பக்கத்தையும் தாண்டி, அவளுடைய சுடிதாரில் முடிந்திருக்கிறதாம்.